வேராகுரூஸிலிருந்து சேலையூருக்கு வந்த எங்கள் அண்ணி

அண்ணியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், தெருக்காரர்களுக்கும், எங்கள் வீட்டு மாடியில் அண்ணியிடம் ஸ்பானிஷ் படித்த பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மறைந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும் வேலையை நாத்தனாரிடம் ஒப்படைத்த குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். "அவளோட சரிக்குச் சரி சண்டை போட்டவ நீதான். நீயே எழுது" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். ஆகவே எழுதுகிறேன். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து எழுத எனக்கு வராது. சண்டையும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி மெக்சிகோ நாட்டின் வேராகுரூஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். ஸ்பானிஷ் பேசும் ஊர். தந்தையார் ரொட்டிக்கடை வைத்திருந்தார். தாயும் தந்தையும் அண்ணியின் இளவயதிலேயே அடுத்தடுத்துக் காலமாகிவிட, அண்ணியும் அவருடைய அக்காவும் கடையைத் தூக்கி நிறுத்தினார்கள். விடிவதற்கு முன் மாவு பிசைந்து வளர்ந்த கை என்பதால், அண்ணி கையால் ஒரு அடி வாங்கினால் முதுகில் தடம் இருக்கும். விளையாட்டுக்கு வாங்கியவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள்.

எங்கள் அண்ணன் கப்பலில் இன்ஜினீயர். அவருடைய கப்பல் பழுதாகி வேராகுரூஸில் மாதக்கணக்கில் நின்றது. அண்ணனுக்கு ரொட்டி என்றாலே ஆகாது. "காய்ச்சல்காரன் சாப்பாடு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். அப்படிப்பட்டவர் அந்த ஊரில் தினமும் காலையில் கடைக்குப் போய் ரொட்டி வாங்கினார் என்றால் காரணம் ரொட்டி இல்லை என்பது சின்னக் குழந்தைக்கும் புரியும்.

அப்போது எனக்குத் தாம்பரத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு நாள் வெளிநாட்டு டிரங்க் கால் ஒன்று என்னைத் தேடி வந்தது. இரைச்சலுக்கு நடுவே அண்ணன் குரல். "செல்வி, நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். வீட்ல நீ பக்குவமா சொல்லிடு." நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. எனக்கு என்ன பக்குவம் தெரியும்? வீட்டுக்குப் போய் அப்படியே போட்டு உடைத்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அப்பா பீரோவிலிருந்து பழைய அட்லசை எடுத்து, வேராகுரூஸ் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்தில், அண்ணி சேலையூருக்கு வந்தார். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில் அப்போது வீடுகள் குறைவு, காலி மனைகள்தான் அதிகம். வெள்ளைக்காரப் பெண்ணை எதிர்பார்த்துத் தெருவே வாசலில் நின்றது. ஆட்டோவிலிருந்து இறங்கியவர் எங்களைவிடக் கொஞ்சம்தான் நிறம். தடித்த பின்னல், வட்ட முகம். "அட, நம்ம பொண்ணு மாதிரி இல்ல இருக்கு" என்று எதிர்வீட்டு மாமி சத்தமாகவே சொன்னார். அம்மா ஆரத்தி எடுத்தார். முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை.

அந்த வாரமே அம்மாவும் நானும் அண்ணிக்குப் புடவை எடுக்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனோம். ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு அம்மாள் கூடையில் கொடுக்காப்புளி விற்றுக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் அண்ணி "குவாமுச்சில்!" என்று ஒரு சத்தம் போட்டு, நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் கூடை முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒன்றை உரித்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடைக்காரம்மா அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "இன்னாமே, கொடுக்காப்புளிக்குப் போய் அழுவுது இந்தப் பொண்ணு? மாசமா கீதா?" என்று கேட்டார். தாம்பரத்துக் கொடுக்காப்புளி மெக்சிகோவிலிருந்து வந்த மரம் என்பதும், அண்ணி வீட்டுக் கொல்லையில் அது நின்றது என்பதும் அண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அன்று கூடையில் இருந்த மொத்தத்தையும் வாங்கிக்கொடுத்தார். புடவை அப்புறம்தான் எடுத்தோம்.

இரண்டொரு மாதத்தில் அண்ணன் கப்பலுக்குப் போய்விட்டார். போனால் வர ஏழெட்டு மாதம் ஆகும். பாஷை தெரியாத பெண் மாமனார், மாமியார், நாத்தனாரோடு தனியாக. அப்பா ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு "அ, ஆ" என்று ஆரம்பித்தார். ஆனால் அண்ணிக்கு உண்மையில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் பூக்கார கன்னியம்மாதான். மத்தியான வேளையில் கன்னியம்மா எங்கள் சமையலறைப் படியில் உட்கார்ந்து பூ கட்டுவார். அண்ணியும் கூட உட்கார்ந்து கட்டுவார். ஒரு நாள் அப்பா வெளியிலிருந்து வந்ததும் அண்ணி நாற்காலியைத் தட்டிப் போட்டு, "குந்து மாமா. காப்பி கொணாறேன். பேப்பர்ல இன்னா போட்டுக்கீது?" என்றார். அப்பா அப்படியே நின்றுவிட்டார். இலக்கணமாகப் பேசாத மாணவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றிய மனிதர் அவர். கடைசிவரை அண்ணியின் தமிழ் அப்படியேதான் இருந்தது. அப்பாவின் காதுதான் பழகிக்கொண்டது.

சமையலறையில் நடந்த கூத்துகளைச் சொல்ல இந்த மலர் போதாது. ஒரு காலை, பக்கத்துக் காலி மனையில் இருந்த சப்பாத்திக்கள்ளியை அரிவாள்மணையோடு போய் வெட்டிக்கொண்டு வந்து, முள்ளைச் சீவி, வெங்காயம் போட்டு வதக்கிவிட்டார். அவர் ஊரில் அது வீட்டுக்கு வீடு சமைக்கும் காயாம். எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. "எங்களை எல்லாம் கொன்னுட்டுப் போகலாம்னு பாக்கறீங்களா?" என்று நான் கத்த, அவர் ஸ்பானிஷில் திருப்பிக் கத்த, இதற்கு நடுவில் அப்பா தட்டில் போட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "வெண்டைக்காய் மாதிரி இருக்கு" என்றார்.

அம்மாவின் மனசு கரைந்தது மிளகாயால். அண்ணி ஒரு நாள் காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் வறுக்க, கமறல் எழும்பி வீடு முழுக்க இருமல். தெருவில் போனவர்கள் தும்மினார்கள். அதோடு தக்காளியையும் பூண்டையும் சுட்டு, அம்மியை அவரே இழுத்து, உட்கார்ந்து அரைத்தார். அம்மியில் அவர் கை போன போக்கைப் பார்த்து அம்மா அசந்துபோனார். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இது நம்ம தக்காளிச் சட்னிதானேடி! இவ ஊர்லயும் அம்மிதான் போல இருக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். வந்து எத்தனையோ மாதம் கழித்து மருமகளைப் பார்த்து அம்மா சிரித்த முதல் சிரிப்பு அது. அன்றிலிருந்து இருவரும் ஒரு கட்சி, நான் தனிக் கட்சி.

அந்த வருஷ நவம்பரில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். அப்போது நவராத்திரி முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அம்மா சின்னதாகக் கொலு வைப்பார். அண்ணியும் ஆசையாகக் கூட இருந்து படி கட்டினார். நவம்பர் மாதம் பிறந்ததும் அண்ணி மறுபடியும் ஹாலில் பெட்டிகளை அடுக்கிப் படி கட்டி, துணி விரித்தார். கன்னியம்மாவிடம் சொல்லிக் கூடை கூடையாகத் துலுக்க சாமந்தி வரவழைத்தார். கலர் காகிதத்தைக் கத்தரித்துத் தோரணம் கட்டினார். ரொட்டி, பழம், ஒரு டம்ளர் தண்ணீர், உப்பு. மேல் படியில் அவர் தாயார் படமும் தந்தையார் படமும். கேம்ப் ரோட்டில் பேக்கரி வைத்திருந்த ஸ்டீபன் அண்ணன்தான் அந்த ரொட்டியைச் சுட அடுப்பைக் கொடுத்தார்.

மெக்சிகோக்காரர்கள் நவம்பரின் முதல் நாட்களில் இறந்தவர்களை வீட்டுக்கு அழைத்து, பிடித்ததைப் படைப்பார்கள். நம் படையல்தான், கொஞ்சம் பாட்டும் கலரும் கூடுதல். இது எங்களுக்கு அன்று தெரியாது. அண்ணியின் தாய் தந்தை காலமாகிவிட்டதையும் அண்ணன் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. எடுத்துச் சொல்லும் அளவுக்கு அண்ணிக்குத் தமிழும் வரவில்லை. அம்மா, படியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், இது அவள் ஊர்க் கொலு என்று முடிவு கட்டிவிட்டார். சுண்டலுக்கு ஊறப்போட்டார். எதிர்வீட்டு மாமியை வெற்றிலை பாக்குக்கு அழைத்தார். பிறகு மேல் படியைப் பார்த்து அவருக்கு ஒரு குறை. "சம்பந்தி ரெண்டு பேரும் இருக்காங்க, மாப்பிள்ளை இல்லாம எப்படி?" என்று சொல்லி, உள்ளே போய் அண்ணன் வெள்ளைச் சீருடையில் இருக்கும் படத்தை எடுத்து வந்து, இருவருக்கும் நடுவில் வைத்தார்.

அண்ணி சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். அவர் போட்ட அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. பாய்ந்து போய்ப் படத்தைப் பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா, கையில் குங்குமச் சிமிழோடு திகைத்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல மாமிக்குச் சுண்டல் கொடுத்தார். அதைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது அண்ணன்தான் விளக்கினார். "அது கொலு இல்லம்மா. செத்தவங்களுக்குப் படைக்கிறது." அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. நம் வீட்டிலும் இறந்தவர் படத்தோடு இருப்பவர் படத்தை வைப்பதில்லை அல்லவா. "செத்தவங்க நடுவுலயா எம்புள்ளய வெச்சேன்?" என்றார். அண்ணன் சிரித்து, "நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனேம்மா" என்று அம்மாவின் தோளைப் பிடித்து ஆட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் அம்மா பலகாரம் செய்து கொடுப்பார். படிகளுக்கு அருகில் மட்டும் போக மாட்டார்.

அடுத்த சில வருஷங்களை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது. ரோசா பிறந்தாள். இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அண்ணன் வைத்த பெயர். அவள் பிறந்த நாளுக்கு அண்ணி ஒரு மண்பானைக்குக் கலர் காகிதம் ஒட்டி நட்சத்திரமாக்கி, உள்ளே மிட்டாயும் வேர்க்கடலையும் நிரப்பி, வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிடுவார். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு கழியால் அடிக்க வேண்டும். எங்கள் தெருவின் கிருஷ்ண ஜெயந்தி உறியடியும் ரோசாவின் பிறந்த நாளும் ஒன்றோடு ஒன்று கலந்து, உறியடிப் பானைக்கும் கலர் காகிதம் ஒட்ட ஆரம்பித்தார்கள். இன்றும் ஒட்டுகிறார்கள். எதற்காக என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒரு சுதந்திர தினத்தன்று நடந்ததை அப்பா எழுதச் சொன்னார். எங்கள் தெருக்கோடியில் கொடியேற்றி, கூடிச் சமைத்துச் சாப்பிடுவது வழக்கம். சமையலுக்கு அண்ணி முன்னால் நின்றபோது ஒரு பெரியவர், "நம்ம நாட்டு விசேஷத்துல வெளிநாட்டுக்காரங்க கைச் சமையலா?" என்று கேட்டுவிட்டார். அப்பாதான் அன்று பேச்சாளர். மைக்கைப் பிடித்து, "நண்பர்களே, இன்று மதியம் இலையில் என்னென்ன என்று பார்த்தேன். மெக்சிகோவும் அதன் அக்கம்பக்கத்து நாடுகளும் கொடுத்ததை எல்லாம் இப்போது திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று ஆரம்பித்தார். "சாம்பாரில் மிளகாயை எடுங்கள். ரசத்தில் தக்காளியை எடுங்கள். உருளைக்கிழங்குப் பொரியலை அப்படியே எடுத்துவிடுங்கள். பாயசத்து முந்திரி, பந்திக்கு வைத்த கொய்யாப்பழம், கொடிக்கம்பத்தில் கட்டிய துலுக்க சாமந்தி எல்லாம் போகட்டும். பஞ்சத்தில் தவித்த நம் நாட்டுக்குப் பஞ்சாப் வயலில் விளைந்து சோறு போட்டதே குட்டைக் கோதுமை, அதன் விதையும் என் மருமகள் ஊரிலிருந்து வந்ததுதான். அதனால் பூரியும் கிடையாது. மிச்சம் தயிர் சாதம் இருக்கிறது. அதை என் மருமகள் தொடவில்லை, ஐயா தாராளமாகச் சாப்பிடலாம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெரியவரும் சிரித்துவிட்டார். அண்ணி சாம்பார் வாளியோடு அவரிடம் போய், "கோச்சிக்காத தாத்தா, நல்லா துன்னு" என்று ஒரு கரண்டி கூடவே ஊற்றினார்.

ரோசா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு ஆடி மாதத்தில், அண்ணன் போய்விட்டார். நடுக்கடலில், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு. உடல் மீனம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அண்ணி. நாங்கள் யாரும் நிற்கும் நிலையில் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா பேச்சை விட்டுவிட்டார். தட்டில் சோறு போட்டால் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அண்ணி எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் "கால் வச்ச நேரம்" என்று அண்ணி காதில் விழும்படியே பேசினார்கள். யார் என்று நான் எழுதவில்லை, அவரவருக்குத் தெரியும். அண்ணி இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். மாமியாரும் தன்னால்தான் மகன் போனான் என்று நினைக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்.

உண்மை வேறு. அம்மா அதை எனக்கு மட்டும் சொன்னார். "படத்த அங்க வெச்சது நான்தான்டி செல்வி. அவ எப்படி அலறினா, ஞாபகம் இருக்கா? அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. நான் எப்படி அவ மூஞ்சில முழிப்பேன்?" நான் எவ்வளவோ சொன்னேன். அம்மா கேட்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று ரோசாவின் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் அவிழ்க்க முடியாதபடி வாயைக் கட்டிவிட்டார்.

இதற்குள் வேராகுரூஸிலிருந்து அண்ணியின் அக்கா போன் செய்துவிட்டார். "பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடு" என்று. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அண்ணன் இறந்தபின் வரும் முதல் நவம்பரை அவர் வீட்டிலேயே செய்துவிட்டுப் புறப்படுவது என்று அண்ணி தீர்மானித்தார். பெட்டிகள் அறையில் கட்டி நின்றன. ரோசாவின் பள்ளிக்கூடத்தில் பேரை எடுத்தாகிவிட்டது. அப்பா அட்லசை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். ரோசாவை இனி எப்போது பார்ப்போம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

அந்த நாள் வந்தது. அண்ணி வழக்கம்போலப் படி கட்டினார். அன்று அவர் சிவப்புப் புடவை கட்டித் தலையில் பூ வைத்திருந்தார். வந்திருந்த பெரியம்மா ஒருவர் முணுமுணுத்ததற்கு, "அவுரு வர்றாரு பெரிம்மா. நா இப்டி கீறப்போ பாத்தவரு. வேற மாதிரி இருந்தா எப்டி அடையாளம் தெரியும்?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பூவை அடுக்கினார். பிறகு அம்மாவிடம் போய், "அத்தே, அவுரு போட்டோ குடு" என்றார்.

அம்மா தலையை ஆட்டினார். அண்ணி மறுபடியும் கேட்டார். அவ்வளவுதான், அம்மா உடைந்துவிட்டார். "என்கிட்ட கேக்காதம்மா. நான் வெச்சுதான் அவன் போனான். உன் அப்பா அம்மா நடுவுல என் கையால வெச்சேனே. நீ கத்தினியே. எம்புள்ளய நானே முழுங்கிட்டேன்" என்று சொல்லிச் சுவரில் தலையை மோதிக்கொண்டார். நான் ஓடிப் பிடித்தேன். அப்பாவுக்கும் அப்போதுதான் தெரியும்.

அண்ணி வாசல்வரை நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேட் கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. வெகு நேரம் நின்றார் என்றே எனக்குத் தோன்றியது. பிறகு திரும்பி வந்து அம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அய்ய, அதுக்கா இத்தினி நாளா என்கூட பேசாம கீற? நீ மெழுகுவத்தி கிட்டக்க வெச்சிட்ட அத்தே. போட்டோ எரிஞ்சி பூடும்னுதான் கத்துனேன். வேற ஒண்ணியும் இல்ல."

"நிஜமாவா?" என்றார் அம்மா.

"மாதா மேல ஆணையா. போட்டோ வெச்சா ஆளு சாவாங்களா? செத்தவங்கதான் போட்டோவப் பாத்து வூட்டுக்கு வருவாங்க. நீ கம்னு அழுதுகினு இருந்தா அவுரு வந்து தெருவுலயே நிப்பாரு. எந்திரி. நீயே உன் கையால வெய்யி."

அண்ணி அம்மாவைத் தூக்கி நிறுத்தினார். அந்த வெள்ளைச் சீருடைப் படத்தை அம்மா கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்து, மேல் படியில் வைக்கச் செய்தார். அம்மா அன்று எரா தொக்கு செய்தார். அண்ணனுக்கு உயிர். படைத்துவிட்டு, மருமகள் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, "எங்கயும் போகாதம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் நான்தான் அந்த டிக்கெட்டை ரத்து செய்யப் போனேன்.

அதன்பின் அண்ணி இந்தக் குடும்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு ஸ்பெயினிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய காலம். அவர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். ஸ்பெயின்காரர் ஒருவர் "உங்கள் ஸ்பானிஷ் கொஞ்சம் பட்டிக்காடு" என்று சொல்ல, "இவரு எங்கூர்ப் பேச்ச கிண்டல் பண்றாரு. தோலு வெலைய ஏத்திச் சொல்லு சார்" என்று முதலாளியிடம் தமிழில் சொல்லிவிட்டாராம். மாடியில் மாலை வகுப்பு நடத்தினார். கப்பல் வேலைக்கும் ஏற்றுமதிக் கம்பெனி வேலைக்கும் போன எத்தனையோ பிள்ளைகள் அங்கே படித்தவர்கள். நம் அரசாங்கத்தில் குடியுரிமை வாங்கி, முதன்முதலாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரல் மையைத் தெரு முழுக்கக் காட்டினார். ரோசா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தன் அம்மாவைவிட நல்ல தமிழ் பேசுகிறாள், தாத்தாவின் ஆறுதலுக்கு.

அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோது, நான் கல்யாணமாகி ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தேன். நான் வந்து பார்த்துவிட்டுப் போவேன். குளிப்பாட்டி, தலைவாரி, பேன் பார்த்து, ராத்திரி பகல் பார்க்காமல் செய்தவர் அண்ணி. அவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் அம்மா கண்ணை மூடினார். இரண்டு வருஷம் கழித்து அண்ணிக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. வலியோடும் நர்சுகளைச் சிரிக்க வைத்தார். கடந்த ஆண்டு இதே நாளில், ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில், எங்களை விட்டுப் பிரிந்தார். அவர் விருப்பப்படி தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். கைவிடாமல் வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், ஒவ்வொரு நவம்பரிலும் அடுப்பைக் காலி செய்து கொடுத்த ஸ்டீபன் அண்ணனுக்கும், கடைசி நாளில் பூவுக்குக் காசு வாங்க மறுத்த கன்னியம்மாவுக்கும், வேராகுரூஸில் இருந்துகொண்டு தங்கையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்தக் கட்டுரையை ரோசா ஸ்பானிஷில் எழுதி அந்த அக்காவுக்கு அனுப்பப் போகிறாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அப்பா, இதை நீங்களும் இப்போதுதான் படிக்கப்போகிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி தானாகவே ஆரம்பித்தார். "செல்வி, மெழுகுவத்தி மேட்டரு பொய்யி. அத்த மொதல்ல போட்டோ வெச்சாங்களே, அன்னிக்கு மெழுகுவத்தி ஏத்தவே இல்ல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவரே சொன்னார். "உசுரோட கீறவங்க படத்த அங்க வெச்சா, சாவு அவங்கள இட்டுக்கினு பூடும்னு எங்கூர்ல சொல்லுவாங்கோ. சின்ன வயசுலேர்ந்து எங்கம்மா சொன்னது."

"நீங்க அத நம்பினீங்களா அண்ணி?"

"அவுரு போனப்போ நம்புனேன். அத்தயாலதான் அவுரு போனாருன்னு நெனச்சேன். வாசக் கேட்டு கம்பியப் புடிச்சிகினு நின்னேனே, அப்பக்கூட நெனச்சேன்."

"அப்புறம் எப்படி?"

"அத்த சோறு துன்னாம குந்திகினு இருந்தாங்கோ. இன்னா பண்றது, சொல்லு?" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

தன் கணவனின் உயிர் யார் கையால் போனது என்று நம்பினாரோ, அந்தக் கையைத்தான் அவர் அன்று பிடித்தார். அந்தக் கைக்குத்தான் கடைசிவரை சோறு பிசைந்து கொடுத்தார், நகம் வெட்டினார். அம்மா அதன்பிறகு வாழ்ந்த நாளெல்லாம் நிம்மதியாகச் சாப்பிட்டார், நிம்மதியாகத் தூங்கினார். எதற்காக மருமகளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதே தெரியாமல் போய்விட்டார்.

அவருக்காக நான் சொல்கிறேன். நன்றி, அண்ணி.